வெள்ளைச்சாமியின் வலது கால்

போன வாரம் மாடிப்படியில் விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. விழுந்தேன் என்றதும் மழை, பாசி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். துவைத்த போர்வையை மொட்டைமாடியில் காயப்போடச் சொன்னாள் மனைவி. அந்தப் போர்வையே காலைச் சுற்றிக்கொண்டது. அவ்வளவுதான். நாற்பது தாண்டிய ஆண்களுக்கு விழுப்புண் இந்த லட்சணத்தில்தான் வாய்க்கும் போலிருக்கிறது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நீலகிரித் தைலத்தைத் தேய்த்துவிட்டாள். வாசனை மூக்கில் ஏறியதும் வலி மறந்துபோய், "ராஜாத்தி வாசனை" என்று சொல்லிவிட்டேன்.

"போலீஸ்கார ராஜாத்தியா? வெளிய எங்கயும் சொல்லிறாதீக, புடிச்சு உள்ள வச்சிரப் போறாக" என்றாள்.

ராஜாத்தி போலீஸ்காரி ஆவதற்கு முன்னால் எங்களோடு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில் ஒரு தோல் மண்டி, அதன் மாடியில் எங்கள் அலுவலகம். கீழேயிருந்து உப்பும் தோலும் கலந்த வாடை படியேறி வரும். காலையில் சின்னாளபட்டி பஸ்ஸில் வந்து இறங்கும் ராஜாத்தியோடு தைல வாசனையும் வரும். இரண்டும் நடுப்படியில் சந்தித்துச் சண்டை போடும். முதல் வாரம் எனக்குத் தலைவலி. மூன்றாம் வாரம், அந்த வாடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ குறைந்தாற்போல இருந்தது.

வேலை என்னவென்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பழைய வாரப் பத்திரிகையை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதை நாங்கள் வரி பிசகாமல் டைப் அடித்துத் திருப்பி அனுப்பவேண்டும், அந்த ஊர் நூலகத்துக்காக. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அதை மட்டும் பிழை பார்க்கிற ஜமால் பாயிடம் காட்டும். அவர் அசலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ராஜாத்தி முதல் கை, நான் இரண்டாம் கை. அவள் ஒரு பத்தியை முடிக்கும்போது நான் முதல் வரியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். வெளியே பேசமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி மூடிவிட்டது, கையெழுத்து மூடவில்லையே. ஆனால் அந்த ஊரில் யார் வீட்டுப் பூனை காணாமல் போனது, யார் தோட்டத்துப் பூசணிக்குப் பரிசு கிடைத்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. வடமதுரையில் சொந்த சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது தெரியாது. அந்த ஊர்க் கசாப்புக் கடைக்காரர் மகள் கல்யாணத்தில் மழை பெய்தது தெரியும்.

கடைசிப் பக்கத்தில் கால்பந்து. அங்கேதான் அவரைக் கண்டுபிடித்தோம். அந்த ஊர் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். முதல் படத்தில் ஒல்லியாக, நெற்றியில் முடி விழ, காமிராவைப் பார்த்துப் பயந்து நிற்கிற பேக்கரிக்காரர் மகன். ராஜாத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பிடியே எங்க வெள்ளைச்சாமி மாமா!" என்றாள். அன்றிலிருந்து அவர் வெள்ளைச்சாமி. இங்கிலாந்துக்காரர் ஒருவர் சின்னாளபட்டிக்குத் தாய்மாமன் ஆனது இப்படித்தான்.

எங்கள் ஒரு வாரத்தில் அவர்களுக்கு அரை வருஷம் ஓடிவிடும். திங்கட்கிழமை மீசையில்லாமல் இருந்தவருக்கு வெள்ளிக்கிழமை மீசை. அவருடைய முதல் கோல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டுத் தற்செயலாக உள்ளே போனது. நிருபர் கிண்டலடித்திருந்தார், எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு கோல்களாகக் குவித்தார். பெரிய நகரத்து கிளப் ஒன்று அவரை வாங்கிக்கொண்டு போனது. அங்கே ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். "நல்ல பயல கொண்டுபோயி பெஞ்சுல வச்சு பூசணம் பிடிக்க விட்டானுக" என்று ஜமால் பாய் மதியம் பிரியாணியைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷத்தில், அதாவது எங்களுக்கு ஒரு மாதத்தில், அவர் சொந்த ஊருக்கே திரும்பினார். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா.

ஜமால் பாய் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, விரல் போகாத இடத்துக்குக் கண் போகக்கூடாது. அடிக்கிற வரியைத் தாண்டி ஒரு சொல்கூடப் படிக்கக்கூடாது. இரண்டு, வெளியே பிரவுசிங் சென்டரில் போய் வெள்ளைச்சாமி என்ன ஆனார் என்று தேடக்கூடாது. சூப்பர்வைசர் செல்வம் சார் மட்டும் இரண்டாவதை மீறிவிட்டார். அதன்பிறகு அவர் முகத்தைப் படிப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, உறைந்து கல்லாகிப்போன மைதானத்தில் ஆடும்போது வெள்ளைச்சாமியின் வலது கால் முறிந்தது. வயது முப்பத்தி நாலு. இனி ஆடுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தது. ராஜாத்தியின் கீபோர்டுச் சத்தம் நின்றது. அவள் குனிந்து தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எங்களுக்குத் தைலத்தின் கதை தெரிந்தது. பள்ளிக்கூட அணியில் அவளும் முன்வரிசைதான். மாவட்டப் போட்டியில் எவளோ உதைத்த உதையில் முழங்காலுக்குக் கீழே எலும்பு போய், தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டாக்டர் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்.

"அப்புறம் என்னம்மா?" என்றேன்.

"காலுக்கு வலி இல்லண்ணே, பயம். பந்து வந்தா தன்னால பின்னாடி போகுது. வேண்டாங்கிற அப்பாவக்கூடச் சமாளிச்சிருவேன். இந்தக் காலத்தான் சமாளிக்க ஏலல." முழங்காலைத் தடவிக்கொண்டே, "மூணு வாரத்துல மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்காக. ஞாயித்துக்கிழம. போகவான்னு இருக்கு. போகாண்டாம்னும் இருக்கு" என்றாள்.

பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளைச்சாமி திரும்ப வந்து ஒரு கோல் போட்டால் அவளும் போவாள். மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டியும் கொண்டாள்.

ஜமால் பாய் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, அந்த மேட்ச் முடிஞ்சு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டானுக. முடிஞ்சு போனதுக்கா வேண்டுதல்?"

"முடிஞ்சது நமக்குத் தெரியாதுல்ல பாய்? ஆத்தாளுக்குத் தெரியும்ல?"

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மூன்று வாரம்போல நான் எந்தத் தேர்வு முடிவுக்கும் காத்திருந்ததில்லை. வெள்ளைச்சாமி கட்டைக்கோல் ஊன்றி மலர்க்கண்காட்சியைத் திறந்துவைத்தார். பிறகு கட்டைக்கோல் இல்லாமல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டாம் அணியில் செத்த நேரம் ஆடினார், பந்து காலில் படவேயில்லை. அணியோ தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பக்கம் எங்கள் கைக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் ஆள் எடுப்பு.

ராஜாத்தி அடிக்க, நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். கோல் எதுவும் இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வெள்ளைச்சாமியை இறக்குகிறார்கள். ஊரே எழுந்து நிற்கிறது. வலப்பக்கத்திலிருந்து பந்து பாக்ஸுக்குள் வருகிறது. முறிந்த அதே காலை அவர் தூக்குகிறார்.

கரண்ட் போய்விட்டது.

மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம் அது. யூபிஎஸ் இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. போனால் ஒரு மணி நேரம். எல்லோரும் படியில் வந்து உட்கார்ந்தோம். இங்கிலாந்தில் ஒரு மனிதர் காலைத் தூக்கியபடி எத்தனையோ வருஷமாக நிற்கிறார். திண்டுக்கல்லில் நாங்கள் அந்தக் கால் இறங்குவதற்காக மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

செல்வம் சாரும் வந்து உட்கார்ந்தார். ஜமால் பாய் கும்பிட்டார். "சார், தயவு பண்ணி அந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க. உங்க மூஞ்சியப் பாத்தா ஸ்கோர் தெரிஞ்சிரும்." அவரும் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாய் கொஞ்சம் செருமிவிட்டு, "நானும் தர்காவுல சர்க்கரை ஓதுறதா நேந்திருக்கேன். யாருகிட்டயும் சொல்லாதீக" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கீழே மண்டியில் தோல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்த ராஜாத்தி திடீரென்று சொன்னாள்: "அண்ணே, கோல் விழலேன்னாலும் நாளைக்குப் போறேன்."

"ஏன்? கோல் போட்டாத்தான்னு வேண்டியிருக்கியே?"

"அந்தாளு ஒடஞ்ச காலத் தூக்கிட்டாருல்ல. எல்லாரும் பாக்கத் தூக்கிட்டாரு. பந்து உள்ள போறதும் வெளிய போறதும் அப்பறம். எனக்கு அந்தத் தூக்குறதுதாண்ணே வரல." சொல்லிவிட்டுப் பக்கத்துப் படியில் கிடந்த காலி அட்டைப்பெட்டியை உட்கார்ந்தபடியே வலது காலால் ஓர் உதை விட்டாள். அது உருண்டுபோய் மண்டிக்காரர் ஒருவர் தலையில் விழுந்தது. "எவம்ல அது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. ராஜாத்தி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே அடித்தாள். நாலு சொல் போயிருக்கும். "கோல்!" என்று அவள் போட்ட கூச்சலில் கீழே மண்டியில் வேலை நின்றது. பாய் என்னைக் கட்டிக்கொண்டார். செல்வம் சார் மூன்று வாரம் அடக்கிவைத்த சிரிப்பை மொத்தமாக அவிழ்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். என் திரையில் வெள்ளைச்சாமி இன்னும் காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அந்தக் கோலை என் கையால் அடித்தேன்.

மறுநாள் ராஜாத்தி மைதானத்துக்குப் போனாள். நாங்களும் போய் வெயிலில் நின்றோம். முதல் பந்துக்கு அவள் கால் பின்னால் போனது. இரண்டாவதுக்கும் போனது. மூன்றாவதுக்குப் போகவில்லை. பந்து கோல்கீப்பர் பெண்ணின் கைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. "வெள்ளைச்சாமீ!" என்று ஜமால் பாய் கத்தியதில், ஆள் எடுக்க வந்திருந்தவர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார். திங்கட்கிழமை எங்கள் மேஜைமேல் மாவிளக்கு மாவும் தர்கா சர்க்கரையும் ஒரே தட்டில் இருந்தன. மாவட்ட அணி, பிறகு மாநில அணி, அந்த ஆட்டத்தை வைத்துப் போலீஸ் வேலை என்று அவள் ஏறிக்கொண்டே போனாள்.

நேற்று என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு ராஜாத்தி போன் செய்தாள். இன்னும் போலீஸ் அணியில் முன்வரிசைதானாம். "வெள்ளைச்சாமி வயசு எனக்கும் தாண்டிருச்சுண்ணே. முந்தாநாளு ரெண்டு கோல். சின்னப்புள்ளைக மூச்சு வாங்குதுக." எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. போனிலேயே தைல வாசனை அடித்தது.

அந்தத் தோல் மண்டி இப்போது இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடிக்குத் துணிக்கடை வந்திருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த படி இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. பழைய பத்திரிகையை இப்போது மெஷினே படித்துக்கொள்கிறதாம், அதற்கு முதல் கையும் இரண்டாம் கையும் வேண்டாம். ஜமால் பாய் காலமாகிவிட்டார். அந்த ஒரு மணி நேர மின்வெட்டும் போய்விட்டது. எந்த ஆட்டத்தின் முடிவும் இப்போது கேட்பதற்கு முன்னாலேயே கைபேசியில் வந்து விழுகிறது. ஒன்றும் தெரியாமல் படியில் கூடி உட்கார்ந்திருக்க இனி வழியில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பத்திரிகையில் அந்தக் கோலுக்குப் பின்னால் வெறும் முற்றுப்புள்ளிதான் இருந்தது. நிருபருக்கு என்ன அழுத்தமோ. ராஜாத்தி அங்கே ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். அவளைக் கேட்காமல், அவள் திரையைப் பார்க்காமல் நானும் போட்டிருந்தேன். இரண்டு கையும் ஒன்றாக இருந்ததால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் என் மகள் அந்த நூலகத்தின் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். வெள்ளைச்சாமி காலைத் தூக்குகிறார், பந்து உள்ளே போகிறது, திண்டுக்கல்காரர்கள் போட்ட ஆச்சரியக்குறி பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது.