இலங்கைத்துறைக் கணவாய்

எங்கள் துறைமுக நகரின் ஓர்ஸ் ஹில்லில் உள்ள சின்ன ஆவணக் காப்பகம் ஒன்றில் நானும் ஓர் அக்காவும் வேலை செய்தோம். துறைமுகப் பக்கத்துப் பழைய படங்களுக்கு, படத்தில் இருப்பது என்ன என்று காட்டும் பொருட்சொற்கள் போடுவதுதான் எங்கள் வேலை. நினைத்த சொல்லைப் போட முடியாது. காப்பகத்தின் சொற்பட்டியலில் உள்ளதையே போடவேண்டும்.

பிறகு அந்தப் பட்டியலை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லையும் வெளிநாட்டுச் சொற்களஞ்சியம் ஒன்றில் அதே பொருள் தரும் பதிவோடு இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால், எந்த நாட்டுச் செயலியும் எங்கள் படங்களைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். பொருத்தமானதைக் கணினி காட்டும். நாங்கள் பார்த்துச் சம்மதிப்போம். 'கணவாய்' வந்தபோது தேநீர் நேரம். இருவரும் ஓம் என்றுவிட்டு எழும்பிப் போனோம்.

சில மாதங்களின் பின் ஒரு மத்தியானம், சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி உள்ளே நுழைந்தார்கள். கனத்த சப்பாத்து, முதுகில் பெரிய பை, கையில் ஊன்றுகோல்.

"மேடம், இலங்கைத்துறைல கணவாய் எங்க இருக்கு?" என்று கணவர் கேட்டார். "அங்க போய் விசாரிச்சோம். விடியக்காலைல வந்தா கிடைக்கும்னு சொல்றாங்க."

மனைவி தொலைபேசியை நீட்டினார். மலையேறுபவர்களுக்கான செயலி. மலைக் கணவாய்களின் வரிசையில், 'இலங்கைத்துறைக் கணவாய்' என்ற தலைப்போடு எங்கள் படம், கீழே எங்கள் முகவரி. படத்தில் மீனவர் ஒருவர் கொழுத்த கணவாய் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். இரண்டு மலைகளுக்கு நடுவே போகும் வழியோடு அதை இணைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது.

"இவர்தான் வழிகாட்டி, கைல இருக்கிறது அவர் சாப்பாடுன்னு நெனச்சோம்," என்றார் மனைவி.

"சாப்பாடு எண்டது சரிதான்," என்ற அக்கா, கணவாய்க் கறி இருந்த தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவர்கள் முன் வைத்தார். "நீங்கள் தேடி வந்தது இதுதான். இருங்கோ, சாப்பிட்டுப் பாருங்கோ."

கணவர் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். பெட்டி காலியானது. அக்காவுக்கு நான் கடையில் ரோல்ஸ் வாங்கி வந்தேன்.

அவர்கள் போனதும் இணைப்பை வெட்டி, சொல்லை இரண்டாக்கினோம். ஒன்றின் பக்கத்தில் 'கடலுயிர்', மற்றதன் பக்கத்தில் 'மலைவழி' என்று போட்டோம். செயலி எங்கள் படத்தைக் கைவிடக் கொஞ்ச நாள் எடுத்தது. அதற்குள் கணவர் அதில் கருத்து எழுதிவிட்டார்: "சுலபமான கணவாய். காரம் அதிகம்."

கொடுத்தது ஐந்துக்கு நாலு நட்சத்திரம்தான். அக்காவுக்கு இரண்டு நாள் அதே கதைதான்: "என்ர பங்கையும் சாப்பிட்டுப்போட்டு நாலு குடுத்திருக்கிறார்."