வேன் டிவியில் ஓடிய டிஸ்க்

மகளுக்குத் திருமணமான புதிதில், சம்பந்தி வீட்டாருடன் அவர்கள் குலதெய்வம் கோயிலுக்கு வேனில் புறப்பட்டேன். வழியில் பார்க்கலாமே என்று, வீட்டில் இருந்த பழைய வீடியோ கேசட்டுகளைக் கடையில் கொடுத்து டிஸ்க்குகளாக மாற்றி எடுத்துப் போனேன். எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

முதல் டிஸ்க்கில் சினிமாப் பாட்டு ஓடியது. கனகசெட்டிக்குளம் தாண்டியதும் டிரைவர் அடுத்ததைப் போட்டார். மேளச் சத்தம் கேட்டது.

"எந்த ஊரு திருவிழா இது?" என்றார் சம்பந்தியம்மா.

அதற்குள் பூப்பாடை தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் இறந்த என் மனைவியின் இறுதி ஊர்வலம் அது.

"ஐயய்யோ, நிறுத்துங்க! சாமிக்குப் போற வண்டில எழவா?" என்று பதறினார் சம்பந்தியம்மா.

முகம் தெரிவதற்குள் ஓடிப்போய் டிவியை அணைத்தேன். "எங்களுது இல்லீங்க. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

"நல்ல கடையா பாத்தீங்க சம்பந்தி!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க அம்மாதான் அத்த அது" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கோயில் வரும்வரை எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் எந்த டிஸ்க்கையும் வீட்டில் முழுதாகப் பார்த்த பிறகுதான் வெளியே கொண்டு போகிறேன். அந்த டிஸ்க் மட்டும் என்னிடம் இல்லை. அன்றே மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.