கரண்ட் போனதே தெரியாத வீடு

கரண்ட் போனால் எனக்குத் தெரியும் என்று ஐம்பத்து மூன்று வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். ஃபேன் நிற்கும், டிவி அணையும், தெருப் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தும். ஊருக்கே தெரிகிற விஷயம் நமக்கு மட்டும் தெரியாமல் போகுமா என்ன?

போகும். யூபிஎஸ் வாங்கினால் போகும்.

போன வருடம் வாங்கினேன். கடைக்காரர் சொன்னார்: "கரண்ட் போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது சார்." அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு பெருமை. அது ஒரு எச்சரிக்கை என்று அப்போது உறைக்கவில்லை. ஃபேன், லைட், டிவி எல்லாவற்றையும் யூபிஎஸ் லைனில் கொடுக்கச் சொன்னேன். ஃபிரிட்ஜையும்தான். எலக்ட்ரீஷியன் தயங்கினார். "ஃபிரிட்ஜ் வோணாம் சார், பேட்டரிய இஸ்துரும்."

"இழுக்கட்டும்பா" என்றேன், யானை வாங்கியவன் கரும்புக்கு யோசிக்காத தோரணையில்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் கட்டடம் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். மாடிக்கு ஒரு வீடு. முதல் மாடியில் நானும் என் மனைவி சாந்தியும். இரண்டாவது மாடியில் நாகராஜ், கன்னடக்காரர், ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்காக எட்டு மாதமாக என்னோடு பேசாதவர். மூன்றாவதில் ரூபா, தொம்மலூர் ஆபீஸ் ஒன்றின் வேலையை வீட்டிலிருந்தே செய்கிற பெண். தரை வீட்டில் சாமுவேல் அண்ணனும் எஸ்தர் அக்காவும்.

சாமுவேல் அண்ணன் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் கல் துளைத்தவர். வேலை முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். தூசி மட்டும் அண்ணனின் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லிவிட்டார், இனி இரவும் பகலும் ஆக்ஸிஜன் வேண்டும் என்று. வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். கரண்ட் இருந்தால் அனுப்பும்.

மெஷின் வந்த அன்று எஸ்தர் அக்கா கேட்டார்: "கரண்ட் போச்சுன்னா இன்னா தம்பி பண்றது?"

நான் இருக்கும்போது கவலை எதற்கு? "அக்கா, எங்க வீட்டு யூபிஎஸ் எதுக்கு இருக்கு? மேலேர்ந்து ஒரு வயர் இறக்கிட்டா முடிஞ்சுது கதை." அன்றைக்கே போய் ஐம்பது அடி வயர் வாங்கி, நுனியில் பிளக் பாக்ஸ் மாட்டி, சுருட்டி ஆணியில் தொங்கவிட்டேன். அக்கா டீயும் முட்டை பப்ஸும் கொடுத்தார். அணை கட்டித் திறந்து வைத்த அமைச்சரைப் போலப் படியேறினேன்.

அதோடு மறந்துவிட்டேன். வாக்குக் கொடுப்பதில் இதுதான் வசதி... கொடுத்த கையோடு கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிரியாணி சாப்பாடு. இரண்டு மணிக்கு மேல் காற்று, அப்புறம் கோடை மழை. தெருமுனையில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். மேட்ச் நல்ல கட்டத்தில் இருந்தது. தலைக்கு மேல் ஃபேன், உள்ளறையில் சாந்திக்கு ஒரு ஃபேன், ஆளே இல்லாத சமையலறையில் இன்னொரு ஃபேன். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. வாழ்க்கை என்றால் இது அல்லவா?

நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எஸ்தர் அக்கா.

"தம்பி, அந்த வயரை இறக்கி உட்றீங்களா?"

"எந்த வயர்க்கா?"

"கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆவப்போவுது. அவசரத்துக்குக் குடுத்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிவச்சிருந்தேன். அது காலியாயிட்டு வருது."

"கரண்ட் போயிடுச்சா?" என்றேன். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா ஃபேனைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். "அப்பவே வந்துருப்பேன். ஞாயித்துக்கெழம, சாப்ட்டு தூங்குவீங்கன்னு உட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வயரை இறக்கினேன். கீழே மெஷின் 'புஸ்... புஸ்...' என்று ஆரம்பித்தது. நானும் கீழே போய் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றேன், நன்றி சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்போடு. பதினோரு நிமிடம் கழித்து மேலே என் யூபிஎஸ் நீளமாக ஒரு விசில் அடித்தது. மெஷின் நின்றது. ரிசர்வில் இருந்ததையெல்லாம் நானும் என் ஃபிரிட்ஜும் மேட்ச் பார்த்தே தீர்த்திருந்தோம்.

எஸ்தர் அக்கா பதறாமல் குழாயைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றினார். அதன் மீட்டர் முள் சிவப்புக்குள் இருந்தது. "அரை மணி நேரம் வரும்" என்றார். அண்ணனின் விரலில் மாட்டியிருந்த கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றொன்று என்று காட்டியது. எண்பத்தெட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், தெருமுனையில் கிளையல்ல, மரமே விழுந்து கிடந்தது. ஆட்டோ உள்ளே வராது. போனில் சிக்னலும் இல்லை.

இந்த இடத்தில் இந்தப் பத்தியை எழுதுகிற நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மேலே ஓடினேன். கையில் கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு வந்தேன். பவர் பேங்க், டார்ச், விசிறி, ஸ்கூட்டர் ஹெல்மெட், ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி. பட்டப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு தீக்குச்சியையும் கிழிக்கப் போனேன்.

"தம்பி, ஆக்ஸிஜன் பக்கத்துல நெருப்பா?" எஸ்தர் அக்கா என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

கட்டிலிலிருந்து சாமுவேல் அண்ணன், ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி, "ஹெல்மெட்டு... எதுக்குபா? சொரங்கத்துக்கா... போறோம்?" என்றார். படியேறி இறங்கியதில் எனக்கு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. "மூச்சு வாங்க வேண்டியவன்... நானு. நீ ஏன்... வாங்குற?"

பின்னாலேயே இறங்கி வந்த சாந்தி, "மேல ரெண்டு வீட்லயும் யூபிஎஸ் இருக்கு, போய்க் கேளுங்க" என்றாள்.

"நாகராஜ் கிட்டயா? எட்டு மாசமா பேச்சில்லையே."

"பேச வேணாம். வயரை மட்டும் கொடுத்துட்டு வாங்க."

கருவி தொண்ணூறு.

வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே லைட் இல்லை, ஃபேன் இல்லை. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார் நாகராஜ். ஐயோ, இவர் யூபிஎஸ்ஸும் போச்சா என்று நினைத்தேன்.

"உங்க யூபிஎஸ்..." என்றேன்.

"ஃபுல் இதெ சார்" என்றார். முழுசாக இருக்கிறதாம். "கரண்ட் போன ஒடனே நான் ஆஃப் பண்ணிட்டேன். பகல்ல எதுக்கு லைட்டு? கீழ அண்ணாவுக்கு வேணும்னு கொத்தில்லவா?"

கொத்து என்றால் கன்னடத்தில் தெரியும் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வாக்குக் கொடுக்கவில்லை, வயர் வாங்கவில்லை, யாரும் அவருக்கு முட்டை பப்ஸ் கொடுக்கவில்லை. மெஷின் வந்து இறங்கிய அன்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் இந்த மனிதர் வியர்வையில் உட்கார்ந்து தன் பேட்டரியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

"கேக்காம எப்படி வர்றது? வயரு உங்களுது" என்றார். அதில் கொஞ்சம் ஸ்கூட்டர் விவகாரமும் கலந்திருந்தது. இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

வயர் இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து இறங்கியது. எண்பத்தொன்பதில் மெஷின் மறுபடி 'புஸ்' என்றது. ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்றிரண்டு.

அப்புறம் நாகராஜும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். நான் எழுந்து எழுந்து கீழே எட்டிப் பார்த்தேன். "சும்னே குத்கொளி சார்" என்று என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். சும்மா உட்கார் என்பதை இவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"பேட்டரிக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க?" என்றார்.

"ஊத்தணுமா?"

என்னைப் பார்த்தார். கண்டக்டர்கள் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு என் வீட்டுக்கு வந்து, ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் நூலாம்படை சுற்றிக் கிடந்த என் பேட்டரியைக் குனிந்து பார்த்தார். மேலே ஆறு சின்ன மூடிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் கீழே இறங்கிவிடும். ஆறும் பாதாளத்தில் இருந்தன. நான் இத்தனை நாளும் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"பேட்டரி வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் விக்கிறாங்க சார். கொழாத் தண்ணி ஊத்திடாதீங்க" என்றார், நான் ஊற்றக்கூடியவன்தான் என்று புரிந்துகொண்டு.

ஆறு மணிக்கு ரூபா இறங்கி வந்தாள். "அங்கிள், என்கிட்ட டபுள் பேட்டரி இருக்கு. நாகராஜ் அங்கிளோடது முடியறப்போ சொல்லுங்க. சண்டே ஷிஃப்டை லாக் ஆஃப் பண்ணிட்டேன். இப்பதான் சிக்னல் வந்துச்சு, கரண்ட் இல்லன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உண்மைதானே?"

ஐம்பது அடி வயர் மூன்றாவது மாடிக்குப் பத்தாது. நாகராஜ் வீட்டு வயரைச் சேர்த்தோம். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் சாந்தி எழுதத் தொடங்கினாள். வயர் இறக்குகிற முறை: முதலில் இரண்டாவது மாடி, அடுத்து மூன்றாவது. கரண்ட் போனதும் எல்லோரும் ஃபேன், டிவியை நிறுத்த வேண்டும். மாதம் ஒரு முறை தண்ணீர். சின்ன சிலிண்டரை நிரப்பி வாங்கி வருவது யார், என்றைக்கு என்பதும் ஒரு வரி. போன் வேலை செய்யாவிட்டால் எஸ்தர் அக்கா தட்டால் ஜன்னல் கம்பியில் தட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்று யோசிக்கக் கூடாது.

"உங்க பேரை எங்க எழுத?" என்று என்னைக் கேட்டாள்.

"கடைசில" என்றேன்.

"ஃபிரிட்ஜைக் கழட்டுனதுக்கு அப்புறம்" என்று அவளே பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அந்த அட்டை இப்போது படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வீட்டு ஓனர் வந்து பார்த்தார், சுவர் அழுக்காகிறது என்றார், படித்தார், அட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ஆக்ஸிஜனாக இருக்கலாம், ஃபிரிட்ஜில் வைத்திருக்கிற இன்சுலினாக இருக்கலாம், லிஃப்ட் இல்லாமல் இறங்க முடியாத முழங்காலாக இருக்கலாம். உங்கள் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டில் என்ன நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு அடுக்கு சிமெண்ட்தான் எங்களுக்கு நடுவில்.

ஏழு மணிக்கு நாகராஜின் பேட்டரி இறங்கியது. ரூபாவின் வயருக்கு மாற்றினோம். மாற்றிய அந்த ஒரு நிமிடம் நாலு வீட்டு ஆட்களும் மூச்சுப் பிடித்து நின்றோம். சாமுவேல் அண்ணன் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தெருமுனையில் மரம் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டது. எஸ்தர் அக்கா எல்லோருக்கும் கறுப்பு டீ போட்டார்.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் வந்தது. அக்கா பிளக்கைச் சுவருக்கு மாற்றினார். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் நாங்கள் மேலே போனோம்.