வென்ற நாளில் சாப்பிடாத கெப்டன்

போன மாதம் ஒரு மாலை, எங்கள் சமையலறைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கஜன் சொன்னான்:

"அன்ரி, எங்கட ரீம் வெண்டா எனக்குச் சந்தோசம் வருகுதில்லை."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த டீமுக்குக் கெப்டனே அவன்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மேல்மாடியைக் கெம்பஸ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு. கஜன் சாவகச்சேரிப் பையன். இறுதி வருடம். கெம்பஸின் ஆண்கள் பாஸ்கெட்போல் டீம் கெப்டன். எந்தக் கெம்பஸ் என்று கேட்காதீர்கள்... எழுதினால் பையன்கள் என்னோடு பேச மாட்டார்கள்.

பாஸ்கெட்போலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், உயரமான பையன்கள் வளையத்துக்குள் பந்து போடுவார்கள் என்பதுதான். ஆனால் டீம் வென்றதா, தோற்றதா என்று நான் யாரையும் கேட்டதில்லை. மாடிப்படி சொல்லிவிடும். வென்றால் இரண்டிரண்டு படியாகத் தாவுவார்கள். தோற்றால் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி ஏறுவார்கள்.

இந்த சீசன் பூனை நடையோடுதான் தொடங்கியது. விளையாடிய மெட்ச் எல்லாம் தோல்வி. அதிக புள்ளி எடுப்பது ஒவ்வொரு தடவையும் கஜன்தான் — ஆனாலும் தோல்விதான். தலைவலி மாத்திரை கேட்டு இறங்கி வருவான். "என்ன தம்பி, இன்னைக்கும் போயிருச்சா?" என்று கேட்டால், "ஓம் அன்ரி" என்பான். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

அப்புறம் ஒரு மெட்சில் அவன் விழுந்தான்.

யாரும் இடிக்கவில்லையாம். எம்பிப் பந்தைப் போட்டான், பந்து உள்ளே போனது, கீழே இறங்கும்போது பாதம் ஒரு பக்கம், முழங்கால் இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். லிகமென்ட் கிழிந்திருக்கிறது, சத்திர சிகிச்சை செய்ய வேண்டும், இந்த சீசனை மறந்துவிடு என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சாவகச்சேரியிலிருந்து அம்மா போனில் அழுதார். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தே விட்டார். பரீட்சை இருக்கிறது என்று இவன் போகவில்லை. ஊன்றுகோலோடு மாடிப்படி ஏற முடியுமா? மகள் கல்யாணமாகிப் போன பிறகு சும்மா கிடந்த கீழ் அறையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். அவனுடைய அம்மாவும் நிம்மதியாக ஊருக்குத் திரும்பினார்.

கஜனின் இடத்தில் ரிஸ்வான் என்ற பையனை இறக்கினார்கள். அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவன். இரண்டாம் வருடம். டீமிலேயே கட்டையானவன்.

அடுத்த மெட்ச்... டீம் வென்றது.

பையன்கள் வியர்வை காயாத ஜேர்ஸியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கெப்டனிடம் சொல்ல. ஹோல் நிறைந்துவிட்டது. டின்னில் இருந்த பிஸ்கட் முழுக்கக் காலி. கஜன் எல்லோருக்கும் கைகொடுத்தான், சிரித்தான், ரிஸ்வானின் முதுகில் தட்டினான். அவர்கள் போன பிறகு, "எனக்குப் பசியில்லை அன்ரி" என்றான்.

வலி மாத்திரையின் வேலை என்று நினைத்தேன்.

அதற்கடுத்த மெட்சும் வெற்றி. அன்றைக்கும் பசியில்லை. பிறகு நடுவில் ஒரு மெட்சில் தோற்றார்கள். அன்று இரவு, "சம்பல் இன்னும் கொஞ்சம் இருக்கோ அன்ரி?" என்று கேட்டு வாங்கி, நாலு ரொட்டி சாப்பிட்டான். அதற்குப் பிறகு திரும்பவும் வெற்றி — சோற்றுத் தட்டு வைத்தபடியே இருந்தது.

சமைத்துப் போடுகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? அடுத்த நாள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை அவனால்.

"முந்தி எல்லாரும் பந்தை எனக்குத்தான் தருவாங்கள் அன்ரி. நான்தான் அடிக்கவேணும். இப்ப ரிஸ்வான் எல்லாருக்கும் குடுக்கிறான், எல்லாரும் அடிக்கிறாங்கள். அப்ப நான் நிண்டபடியாத்தான் தோத்தவங்களோ எண்டு கிடக்கு. நேற்று அவங்கள் வந்து சொல்லேக்க சிரிச்சனான்தானே... சும்மா சிரிச்சனான். நான் கூடாத ஆள், என்ன?"

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு வாய் கிழியப் புத்தி சொல்கிறவள் நான். அந்த நேரம் புத்தி சொல்லப் போகவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன்.

பித்தப்பையில் கல் என்று நான் ஒபரேஷன் செய்து வீட்டில் கிடந்தபோது, என் மேசையில் பைல் மலையாகக் குவிந்திருக்கும், நான் இல்லாமல் ஒபிஸ் திண்டாடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன் பண்ணிக் கேட்டேன். "இங்க எல்லாம் நல்லா போகுது மிஸ், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள் என் இடத்தைப் பார்த்துக்கொண்ட பிள்ளை. நல்ல பிள்ளை. போனை வைத்ததும் தையல் போட்ட இடம் முன்பைவிட அதிகமாக வலித்தது.

கஜன் சிரித்தான். ஆனால் அன்றைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை.

நம்மில் எத்தனை பேர் இப்படி? மகளின் பிரசவத்துக்குப் போன அம்மாவுக்கு, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், "நீ இல்லாமல் டீ வாயில் வைக்க முடியவில்லை" என்று ஒரு வார்த்தையும் காதில் விழ வேண்டும். இதைப் பொறாமை என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ இது பயம் என்றுதான் படுகிறது. நாம் நின்ற இடம் நம்மை மறந்துவிடுமோ என்ற பயம்.

டீம் செமி ஃபைனலையும் வென்றது. ஃபைனலுக்கு முதல் நாள் பின்னேரம் ரிஸ்வான் தனியாக வந்தான்.

"கஜன் ஈக்கிறாரா ஆன்ட்டி?"

அறையைக் காட்டிவிட்டுத் தேநீர் போடப் போனேன். தட்டோடு திரும்பி வந்தபோது உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"கோச் சேர் செல்லி அனுப்பின. நாளைக்கு நீங்க ஜேர்ஸி போட்டுட்டு பெஞ்சுல இரிக்கோணுமாம்" என்றான் ரிஸ்வான்.

"எனக்குக் கால் நோகுது. நீங்கள் போய் விளையாடுங்கோ" என்றான் கஜன்.

நான் உள்ளே போகலாமா என்று யோசித்தேன். அப்போது ரிஸ்வான் பேசத் தொடங்கினான்.

"ஒண்டு செல்லட்டா? நீங்க விழுந்த அண்டைக்கு, உங்களத் தூக்கிட்டுப் போற நேரம்... இனி நான்தான் உள்ளுக்கு எறங்குவன் எண்டு ஒரு நெனப்பு வந்த. ஒரு செக்கன்தான். ஆனா வந்த. அதில இருந்து உங்கட மொகத்தப் பாக்க வெக்கமா ஈக்கி. நாங்க வெல்லுற ஒவ்வொரு முறையும் வெக்கமா ஈக்கி."

எனக்குக் கையில் தட்டு கனத்தது.

"நடுவில ஒரு மெட்ச் தோத்தனீங்கள் எல்லே?" என்று கஜன் கேட்டான்.

"ஓ."

"அண்டைக்கு நான் நாலு ரொட்டி திண்டனான். சம்பலோட."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நான் தேநீரோடு உள்ளே போனபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரா, வேறு எதுவுமா... நான் கேட்கவில்லை.

"நாளைக்கு வான் எத்தினை மணிக்கு?" என்று கஜன் கேட்டான்.

டீமை ஏற்றிப்போகும் வான் வண்டியில் ஏறுவது அவன் காலுக்குக் கஷ்டம் என்று, என் வீட்டுக்காரர் எங்கள் காரில் கூட்டிப்போனார். நானும் போனேன். இவ்வளவு நாள் மாடிப்படியில் கேட்ட விளையாட்டை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கஜன் பெஞ்சின் ஓரத்தில் ஜேர்ஸியோடு உட்கார்ந்திருந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு. எங்கள் டீம் பின்தங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் கத்தினார்கள், இவன் அசையவில்லை. எனக்கு மெட்ச் எங்கே பார்க்கத் தோன்றியது? இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ரிஸ்வான் ஒரு பக்கம் ஓடி, இன்னொரு பக்கம் பார்த்து, யாருமே எதிர்பாராத மூன்றாவது ஒருவனிடம் பந்தைக் கொடுத்தான். அவன் அப்படியே வளையத்துக்குள் போட்டான். திரும்பிப் பார்க்கிறேன் — கஜன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஊன்றுகோல் கோச்சின் காலில் விழுந்து, பாவம் அந்த மனிதர் பாதத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கஜன் உட்காரவே இல்லை.

கடைசியில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளிக்கு வந்துவிட்டது. பந்து ரிஸ்வானிடம். கொடுப்பதற்கு ஆள் தேடினான். எல்லோரையும் எதிர் டீம் மறித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தானே எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு, விளிம்பில் சுற்றி... வெளியே விழுந்தது. மணி அடித்துவிட்டது.

ரிஸ்வான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஜேர்ஸியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். கஜன் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவ்வளவு தூரமும் அவனிடம் போனான். முழங்கால் மடங்காது. பக்கத்தில் உட்கார முடியாது. அதனால் நின்றபடியே அவன் தலையில் கையை வைத்தான். ஆறுதல் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கஜனின் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன்.

திரும்பி வரும்போது, மகாவலிப் பாலத்தில் கார் ஏறியதும் கஜன் கேட்டான்.

"அன்ரி, நான் அழுததைப் பாத்தனீங்களோ?"

"பார்த்தேன் தம்பி."

"நடிக்கேல்லை."

"தெரியும்."

பாலம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னான். "பந்து வளையத்தில சுத்தேக்க எனக்குச் சரியான பயம் அன்ரி. வெளியில விழட்டும் எண்டு நினைச்சிடுவனோ எண்டு. நினைக்கேல்லை. உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ எண்டுதான் கிடந்தது."

சொல்லிவிட்டு சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஃபைனலில் தோற்ற ஒருவனின் முகம் இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.