மீன் ஐஸில் இறுகிய சாக்லேட்

ஆவுடையப்பன் மாமாவை நான் கேலி செய்வதாக யாரும் நினைக்கக் கூடாது. கேலிக்கு வேண்டியதையெல்லாம் அவரே செய்துவைத்திருக்கிறார். எழுதுகிற வேலைதான் எனக்கு.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பதினெட்டு வருடமாக அவர் இரண்டாம் குமாஸ்தா. ஸ்ரீவைகுண்டத்துச் சுத்த சைவம். மீன் மார்க்கெட் வாடை படாமலிருக்க அரை மைல் சுற்றி ஆபீசுக்குப் போகிறவர். 1974 முடிவில் தலைமைக் குமாஸ்தா ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலி மாமாவுக்கா, அவரைவிட இளைய குமாஸ்தாவான சுந்தர்சிங்குக்கா என்று புதுவருஷத்தன்று மானேஜர் விக்டர் சொல்வார். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று ஆபீசே பலகாரத்தோடு மானேஜர் வீட்டுக்குப் போகும். சுந்தர்சிங் முட்டையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன் கொண்டுபோவார். மாமா முறுக்கு. அந்த வருடம் முறுக்கு நாற்காலி வரைக்கும் எட்டாது என்று மாமாவுக்குப் பட்டுவிட்டது. ஒரு கப்பல் சமையல்காரரிடமிருந்து கோகோ டின்னும், ஆங்கிலப் பத்திரிகையில் கிழித்த ஒரு தாளும் வாங்கி வந்தார். முட்டையும் வேண்டாம், அடுப்பில் வேகவும் வேண்டாம், அப்படியொரு சாக்லேட் உருண்டை.

தாளைப் படித்துச் சொல்ல, பக்கத்து வீட்டு பி.ஏ.வான என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய ஒன்றரை வருடத்தில் அது ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான். நாற்காலி கிடைத்தால் என்னையும் ஆபீசில் சேர்த்துவிடுவதாக மாமா சொல்லியிருந்ததால், வரி விடாமல் பயபக்தியோடு மொழிபெயர்த்தேன்.

உருக்கிய வெண்ணெயில் கோகோவையும் டின் பாலையும் கலந்து, வறுத்த முந்திரியும் நிலக்கடலையும் பொடித்துப் போட்டு மாமி அருணாசலவடிவு உருட்டினாள். எங்கள் ஊர் வெக்கையில் ஒன்றும் நிற்கவில்லை. தட்டில் சாணி மாதிரிப் பரவியது.

"குளிர்ந்த இடத்துல நாலு மணி நேரம் வைக்கணுமாம்," என்றேன்.

"மாடியில இசபெல்லா டீச்சர்ட்ட பிரிட்ஜ் இருக்குல்லா?" என்றாள் மாமி.

"ஏளா, அதுக்குள்ள அவ ஆட்டுக்கறி வச்சிருப்பா. எம் பலகாரம் அது பக்கத்துலயா உக்காரும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மாமா ஒரு மரப்பெட்டி நிறைய ஐஸோடு திரும்பினார். அரை மைல் சுற்று அன்று ரத்து.

"இது மீன் பெட்டில்லா?" மாமி மூக்கைப் பொத்தினாள்.

"ஐஸ்ங்கது தண்ணிதானளா. தண்ணியில என்ன சைவம், அசைவம்? பெட்டியக் கழுவியாச்சு." பெட்டியின் நாலு மூலையிலும் திருநீறு பூசினார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். காலையில் உருண்டைகள் கல்லாக இறுகியிருந்தன. குளிரில் வாடை எதுவும் எழவில்லை. அவற்றை அடுக்கிய டின்னை மடியில் வைத்துக்கொண்டு நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற டின்னிலிருந்து மீன் வாடை வரத் தொடங்கியது. காற்று எதிர்த்து அடித்ததால் முன்னால் மிதித்த மாமாவுக்குத் தெரியவில்லை. படித்தவன் சொல்லியிருக்க வேண்டும். வேலை கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டான்.

மானேஜர் வீட்டுக் கூடத்தில் டின் திறந்தது.

"அண்ணாச்சி, இது சாளையா, சீலாவா?" என்றார் சுந்தர்சிங். கூடமே சிரித்தது.

விக்டர் ஒன்றை எடுத்து முகர்ந்து, திரும்ப வைத்தார். "என்னவே ஆவுடையப்பன், உம்ம வீட்டுல செஞ்சதா?"

"ஆமா சார். சுத்த சைவம்."

"அப்ப நீரு ஒண்ணு தின்னும், பாப்போம்."

பதினெட்டு வருடம் சுற்றிப்போன வாடை அது, மாமாவுக்குத் தெரியாமலிருக்குமா? நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியது. ஒன்றை எடுத்தார். நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு சார்," என்று இரண்டாவதையும் எடுத்தார்.

புதுவருஷத்தன்று நாற்காலி மாமாவுக்கே கிடைத்தது. சுந்தர்சிங் காரணம் கேட்டதற்கு விக்டர் சொன்னாராம்: "கப்பல்காரன் எதக் குடுத்தாலும் மூஞ்சி சுளிக்காம முழுங்குத ஆளுதாம்லே அங்கன உக்காரணும். உனக்குச் சிரிப்பு வருது."

பிப்ரவரியில் ஆபீசிலிருந்து என்னை வரச்சொன்னார்கள். ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்று இரண்டு வாரம் படித்துப் போயிருந்தேன். விக்டர் தமிழில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு டின்னத் தூக்கிட்டு வந்தவன் நீதானல? வழியிலயே வாடை வந்திருக்குமே, ஏன் சொல்லல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, நாளைக்கே வேலைக்கு வா," என்றார்.