வெயிலில் வேலையா? இல்லை

பாண்டியம்மாள் மஞ்சள் பையை என் மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினார். பிதுக்கித் தீர்த்த மூன்று கிரீம் ட்யூப், பாதி சன்ஸ்கிரீன், ஒரு சோப்பு.

"எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுதான் சிஸ்டர். வேற என்னத்தத் தடவப் போறேன்?"

அப்போதும் நான் நம்பவில்லை.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு தோல் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். டாக்டரம்மா மருந்து எழுதுவார். கிரீமை எவ்வளவு, எப்படிப் போடுவது என்று விளக்குவது, மாதாமாதம் முகத்தைப் போட்டோ எடுப்பது, கேஸ் ஷீட் நிரப்புவது எல்லாம் என் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மங்கு. கன்னத்தில் பழுப்பாகப் படரும் திட்டு அது. பொறுமையாக மருந்து போட்டு, வெயிலுக்குத் தப்பி இருந்தால் மெல்லக் குறையும். பாண்டியம்மாளுக்கு மட்டும் மாதாமாதம் கூடிக்கொண்டே வந்தது.

அவரும் வீட்டுக்காரரும் பழங்காநத்தத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். வந்த காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தட்டுல கை வச்ச ஆளு, என் மூஞ்சியப் பாத்து 'இது தொத்துமா'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு சிஸ்டர். அதுலருந்து வர்ற ஆளே கொறஞ்சுபோச்சு. கடை போச்சுன்னா எங்களுக்கு வேற என்ன இருக்கு?"

மங்கு தொற்றாது என்று அவருக்குச் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

கேஸ் ஷீட்டில் 'வெயிலில் வேலையா?' என்று ஒரு கேள்வி உண்டு. "கடைக்கு மேலதான் வீடு. விடியக்காலம் நாலு மணிக்கு எறங்குனா காலைல பத்து மணிக்கு மாடி ஏறிருவேன்" என்றார். 'இல்லை' என்று டிக் போட்டேன். "வெளிய தலை காட்டாதீங்க" என்று எல்லாரிடமும் பாடும் பாட்டைப் பாடி அனுப்பினேன்.

இரண்டாம் மாதப் போட்டோவில் திட்டு கருத்திருந்தது. மூன்றாம் மாதம் இன்னும் கருத்திருந்தது. மஞ்சள் பூசுவதை நிறுத்தச் சொன்னோம், சோப்பை மாற்றினோம், ரத்தம் எடுத்துப் பார்த்தோம், டாக்டரம்மா மருந்தையும் மாற்றினார். போட்டோ எடுக்கும் அறையின் டியூப்லைட்டைக்கூடச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. குழப்பம் முற்றினால் எனக்குக் கோபம் வரும். "உண்மையச் சொல்லுங்க, மெடிக்கல்ல எவனோ குடுத்த க்ரீமத் தடவுறீங்க" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அந்த மஞ்சள் பையைக் கொட்டினார்.

அடுத்த சனிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். முன்னால் வீட்டுக்காரர் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "உள்ள தோசை ஊத்துறா, போங்க சிஸ்டர்" என்றார்.

ஜன்னல் இல்லாத அடுப்படி. ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை, மறுபக்கம் தோசைக்கல். அதன்மேல் குனிந்தபடி நின்றார் பாண்டியம்மாள்.

"எப்பவும் நீங்கதான் ஊத்துவீங்களா?"

"இல்ல சிஸ்டர். முன்னாடி அவரு ஊத்துவாரு, நான் பரிமாறுவேன். அந்த ஆளு எந்திரிச்சுப் போன அன்னைக்கே இங்கிட்டு வந்துட்டேன். இங்க என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுல்ல. நீங்களும் தலை காட்டாதீங்கன்னுதானே சொன்னீங்க."

கரண்டியை வாங்கி இரண்டு தோசை ஊற்றிப் பார்த்தேன். இரண்டாவதைத் திருப்புவதற்குள் கன்னம் எரிந்தது. முந்தானையால் துடைத்தேன், போட்டுப் போன சன்ஸ்கிரீன் வியர்வையோடு வந்துவிட்டது. இந்தம்மா ஆறு மணி நேரம் நிற்கிறார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வெயில்ல மட்டுமில்ல சிஸ்டர், அடுப்புச் சூட்டுலயும் மங்கு கூடும். நாம எப்படிக் கேக்காம விட்டோம்?" என்றார். 'நாம' என்றது அவர் பெருந்தன்மை. டிக் போட்டது நான்.

பழையபடி முன்னால் வந்து பரிமாறுங்கள் என்று நான் சொன்னதும் பாண்டியம்மாள் அழுதுவிட்டார். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா? இருக்குற ஆளும் போயிருவாக."

அவர் பயம் நியாயம்தான். உள்ளே நின்றால் மங்கு போகாது, வெளியே வந்தால் கடை போய்விடலாம். "திங்கக்கிழம நானே சாப்பிட வாரேன்" என்றேன்.

திங்கட்கிழமை கடையின் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாண்டியம்மாள் தட்டெடுத்து வந்தார். எதிரே ஒரு பஸ் கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்தார்.

"என்னக்கா, மூஞ்சில?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாளே சொன்னார். "மங்குண்ணே. தொத்தாது. இந்தா, எனக்கு வைத்தியம் பாக்குற சிஸ்டரே என் கையால வாங்கித் திங்கிறாக. சட்னி வைக்கவா?"

கண்டக்டர் என் தட்டைப் பார்த்தார். "வைங்கக்கா. ரெண்டு கரண்டியா வைங்க."

புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்வது இதுதான். டிக் போடுவதற்கு முன், வைத்தியத்துக்கு வந்தவர் தூங்கி எழுந்ததிலிருந்து எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். நான் அந்த ஷீட்டில் 'அடுப்படியில் எவ்வளவு நேரம்?' என்று பேனாவால் சேர்த்து எழுதினேன்.

ஆறு மாதத்தில் திட்டு பாதி குறைந்தது. மீதி இருக்கிறது. கடையும் இருக்கிறது. கடைசியாக வந்தபோது அதே மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். அன்று கத்தியதற்கு அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

"கொட்டிப் பாருங்க சிஸ்டர்" என்று சிரித்தார். உள்ளே சுடச்சுட இட்லிப் பொட்டலம்.