வண்டுக்கு ஒரு மூடி, சாம்பலுக்கு ஒரு மூடி

பூச்சி மருந்துக் கடையில் நிற்பவனிடம் நல்ல செய்தி சொல்ல யாரும் வருவதில்லை. திண்டிவனத்தில் அப்படி ஒரு கடையில் பல வருஷம் நின்றவன் நான். எந்தக் கடையிலாவது கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வருகிறவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு ரகசியத்தை நம்மிடம் விட்டுப் போவார்கள்.

தீப்பெட்டி

எங்கள் பக்கத்தில் பூச்சியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பூச்சியையே கொண்டுவருவார்கள். மரக்காணம் ரோட்டில் குத்தகை நிலத்தில் தர்ப்பூசணி போட்டிருந்த ஏழுமலை ஒரு காலையில் தீப்பெட்டியை நீட்டினார். கண்ணால் பார்க்காமல் மருந்து எடுக்கிற பழக்கம் எனக்கில்லை. திறந்தேன். செம்மஞ்சள் நிறத்தில் சின்ன வண்டு ஒன்று பறந்துபோய் முதலாளியின் காலரில் உட்கார்ந்தது.

இரண்டு இலை விட்ட கன்றைச் சல்லடையாக்கும் வண்டு அது. முதல் விதைப்பைத் தின்றுவிட்டதாம். இரண்டாவதும் போனால் வெயில் கால விற்பனைக்குக் காய் வராது, நிலக்காரர் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார் என்றார் ஏழுமலை. முதலாளி காலரைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வண்டத்தான் உட்டுட்ட. ஆளையாவது உடாம ஒரு டப்பா குடுத்து அனுப்பு." தெளிக்கிற டேங்குக்கு ஒரு மூடி என்று சொல்லி ஒரு டப்பா மருந்து கொடுத்தேன்.

டீக்கடைச் சாம்பல்

பக்கத்து டீக்கடையில் விறகடுப்பு. அந்தச் சாம்பலை அள்ளிப் போக ஏழுமலையின் மனைவி முனியம்மா சாக்கோடு வந்தார். விடியற்காலைப் பனி ஈரத்தில் இலைமேல் சாம்பல் தூவினால் வண்டு வாய் வைக்காது என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் வயலில் இலையே தெரியாத அளவுக்குக் கொட்டுவதாகச் சொன்னார். புருஷன் மருந்தை அதிகமாகக் கலக்குகிறாராம். கன்று கருகாமல் அந்தச் சூட்டைச் சாம்பல் இழுத்துக்கொள்ளுமாம்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. மருந்து மேல அவருக்கு அவ்ளோ நம்பிக்கை."

இரண்டாவது மூடி

அடுத்த வாரம் ஏழுமலை மறுபடி வந்தார். மருந்துக்கு வண்டு அடங்கவில்லை என்றார். டேங்குக்கு ஒரு மூடிதானே சொன்னேன், எத்தனை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு என்றார். ஏன் என்றதற்கு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு மூடி வண்டுக்கு. இன்னொண்ணு அவ கொட்டற சாம்பல கழுவுறதுக்குங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க, கோவிச்சிக்குவா."

இரண்டு பேரும்

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் பேசுகிறவன் இல்லை. ஆனால் பாதிக் கன்று போன பிறகு, இடைவெளியில் ஊன்ற விதை வாங்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அலமாரியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்: மருந்தைச் சாம்பல் உறிஞ்சுகிறது, சாம்பலை மருந்து கழுவுகிறது, வண்டு மட்டும் சௌக்கியமாக இருக்கிறது, இரண்டில் ஒன்றை வையுங்கள்.

ஏழுமலை கையிலெடுத்த மருந்து டப்பாவைத் திரும்ப வைத்தார். விடியலில் அவள் அளவாகச் சாம்பல் தூவட்டும், குளிரில் மந்தமாக இருக்கும் வண்டை நான் கையால் பொறுக்குகிறேன் என்றார்.

கோடையில் பஸ்ஸில் ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். முழு விளைச்சல் இல்லை. ஆனால் நிலம் அவர்களிடமே நின்றது. முனியம்மா சொன்னார்: "வண்டு இன்னாண்ணா பண்ணும்? நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம செஞ்சிக்கினு இருந்தோம், அது நிம்மதியா தின்னுக்கினு இருந்துச்சி."

நான் வாய் திறந்த அந்த ஒரு நாளில்தான் கடைக்கு ஒரு டப்பா விற்பனை குறைந்தது. திறக்காத நாட்களுக்காக முதலாளி கடைசிவரை என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.